உங்களுக்குத் தெரியுமா? பனிக்காலப் பயணத்தில் உடம்பு

மார்கழிப் பனி தலையில் இறங்கினால் சளி பிடிக்கும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. சளியைத் தருவது பனி அல்ல, வைரஸ். ஆனாலும் குளிருக்கு இதில் பங்கு உண்டு. 2007-இல் நியூயார்க்கில் கினிப் பன்றிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. 5 டிகிரிக் குளிரில், வறண்ட காற்றில் ஃப்ளூ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாகத் தொற்றியது. 30 டிகிரியில் காற்று வழியாகப் பரவவே இல்லை. எனவே குல்லா போடுங்கள், தவறில்லை. அதைவிட முக்கியம், கண்ணாடியை இறுக மூடிய வேனில் பத்துப் பேர் ஒரே காற்றை மணிக்கணக்கில் சுவாசிக்காமல் இருப்பது. குளிர் கொஞ்சம் உள்ளே வந்தாலும் பரவாயில்லை, ஒரு ஜன்னலை நான்கு விரல் அளவு திறந்து வையுங்கள்.

விமானத்தில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் உடம்பு ஏறக்குறைய ஊட்டியில் இருக்கிறது! வெளியே 35,000 அடி. உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்கு வைத்திருப்பார்கள். ஊட்டியின் உயரம் சுமார் 7,350 அடி. ஈரப்பதம் மட்டும் ஊட்டியைப் போல் இருக்காது. பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மூக்கு காய்ந்து எரிவது அதனால்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விட்டுக்கொண்டால் இதமாக இருக்கும்.

குளிரில் தாகம் எடுப்பது குறைகிறது, சிறுநீர் போவதோ கூடுகிறது. தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ரத்தம் உடம்பின் நடுப்பகுதிக்குத் திரும்புகிறது; நீர் அதிகமாகிவிட்டது என்று எண்ணிச் சிறுநீரகம் வெளியேற்றத் தொடங்குகிறது. இதில் பெண்களின் பாடு தனி. வழியில் சுத்தமான கழிப்பறை கிடைக்காது என்று பயந்து, புறப்படும் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீர் குடிக்காமல், வருவதையும் அடக்கிக்கொண்டு போகும் பயணம் பலருக்குச் சிறுநீர்த் தொற்றில்தான் முடிகிறது. குடும்பத்தோடு வண்டி எடுப்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவதைக் கட்டாயமாக்குங்கள். யாரும் வாய்விட்டுக் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

மூடிய அறையில் கரி அடுப்பு எரிவது குளிரைவிடக் கொடியது. கொடைக்கானலோ மணாலியோ, இரவில் குளிர் தாங்காமல் பார்பிக்யூ அடுப்பின் மிச்சக் கனலை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுவந்து வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழாமலே போயிருக்கிறார்கள். புகை அடங்கிவிட்டது, இனி ஆபத்தில்லை என்ற நினைப்புதான் உயிரை வாங்குகிறது. கனலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, மலைப்பாதை வளைவுகள் சுற்றிவிட்டன என்றே தோன்றும். அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் யோசிக்காமல் வெளியே வாருங்கள். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் பொருத்திய கேஸ் கீசரிலும் இதே ஆபத்து உண்டு. இரவில் குளிர் தாங்காவிட்டால் கூடுதலாக இரண்டு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது போதும்.

குளிருக்கு இதம் என்று பிராந்தி குடித்தால் உடம்பு சூடாவதில்லை. தோலின் ரத்தக் குழாய்கள் விரிவதால் சூடு போல் தெரிகிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வெப்பம் அந்த வழியாகவே வெளியேறிக்கொண்டிருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க டிசம்பரில் கிளம்பும் அப்பா அம்மாக்களுக்கு: இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள், கைப்பையிலேயே இருக்கட்டும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்வைக்குப் பழையபடி இருந்தாலும் அதை நம்ப முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். ஃப்ளூ தடுப்பூசி பலன் தர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய நாள் போட்டுக்கொண்டால் இறங்கும்போது பாதுகாப்பு இருக்காது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் ஹீட்டர் அருகே காலை நீட்டி உட்காரக் கூடாது. தோல் வெந்தாலும் தெரியாது.

சானிடைசருக்கு மசியாத கிருமியும் உண்டு. குளிர்கால வாந்தி நோய் என்று பெயர் வாங்கிய நோரோ வைரஸ் அப்படிப்பட்டது. 1968-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், நார்வாக் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடமே படுத்துவிட்டது; அந்த ஊரின் பெயரே வைரஸுக்கு நிலைத்தது. சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் இதற்கு வழி.

வெண்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். குல்மார்க் போகும் குழந்தைகளுக்கும் கறுப்புக் கண்ணாடி வேண்டும்.

சபரிமலை ஏற்றம் இதயத்துக்கு ஒரு கடும் சோதனை. பம்பையிலிருந்து சன்னிதானம் வரை சுமார் 5 கிலோமீட்டர், அதிலும் நீலிமலை, அப்பாச்சிமேடு செங்குத்து. விடியற்காலைக் குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏற்கெனவே கூடியிருக்கும். அந்த நேரத்தில்தான் பலர் ஏறுகிறார்கள். விரதம் என்று பிரஷர் மாத்திரையை, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு வருபவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. மாத்திரை விரதத்தைக் கெடுக்காது. கேரள சுகாதாரத் துறையும் நிறுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. மாலை போட்ட நாளிலிருந்தே தினமும் நடந்து பழகுங்கள். ஏறும்போது நெஞ்சில் அழுத்தமோ, மூச்சுத் திணறலோ, குளிரிலும் வியர்வையோ வந்தால் அங்கேயே உட்கார்ந்து பக்கத்தில் வரும் சாமியிடம் சொல்லுங்கள். நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் இதய சிகிச்சை மையங்கள் இருக்கின்றன, வழி நெடுக ஆக்சிஜன் நிலையங்களும் உண்டு.