85 டிகிரி காட்டும் சென்சாரை எறியாதீர்கள்

பள்ளி அறிவியல் கண்காட்சியிலும் கல்லூரி புராஜெக்ட்டிலும் ஆர்டுயினோ பலகையோடு அடிக்கடி தென்படும் வெப்பநிலை சென்சார் டிஎஸ்18பி20. மின்விசிறிக்குக் கீழே இருக்கும்போதே அது 85 டிகிரி என்றோ மைனஸ் 127 என்றோ காட்டினால், கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டி வேறொன்று வாங்கப் போகிறார்கள் மாணவர்கள். பெரும்பாலும் சென்சார் நன்றாகவே இருக்கும். அந்த இரண்டு எண்களே பழுது எங்கே என்று சொல்லிவிடும்.

மைனஸ் 55 டிகிரிக்குக் கீழே இந்தச் சென்சாரால் அளக்கவே முடியாது. அப்படியானால் மைனஸ் 127 எங்கிருந்து வந்தது? சென்சாரிடமிருந்து சரியான பதில் வராதபோது, ஆர்டுயினோவில் பலரும் பயன்படுத்தும் லைப்ரரி தானாக வைக்கும் எண் அது. ஆகவே முதலில் ஒயர்களைப் பாருங்கள். சென்சாரின் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால், இடது கால் கிரவுண்ட், நடுக்கால் டேட்டா, வலது கால் மின்சாரம். மாற்றிக் கொடுத்தால் விரல் வைக்க முடியாத அளவு சுடும். உடனே இணைப்பைப் பிடுங்குங்கள்.

ஒயர்கள் சரியென்றால் அடுத்தது ரெசிஸ்டர். டேட்டா ஒயரில் சென்சாரும் சரி, கன்ட்ரோலரும் சரி, மின்னழுத்தத்தைக் கீழே மட்டுமே இழுக்கும். கதவைத் தானாகச் சாத்தும் ஸ்பிரிங் போல, அதைத் திரும்ப மேலே கொண்டுவருவது டேட்டாவுக்கும் மின்சாரக் காலுக்கும் இடையே போடும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்தான். நான்கு பட்டை உள்ளதென்றால் மஞ்சள், ஊதா, சிவப்பு என்று தொடங்கும். இதை விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

85-இன் கதை வேறு. மின்சாரம் வந்ததும் சென்சாரின் நினைவகத்தில் இருக்கும் தொடக்க எண் அது. 12 பிட் துல்லியத்தில் ஒருமுறை அளந்து முடிக்க 750 மில்லிவினாடி வரை ஆகும். அதற்குள் புரோகிராம் அவசரப்பட்டுப் படித்தால் 85தான் கிடைக்கும். நடுநடுவே 85 எட்டிப்பார்த்தால், அளக்கும்போதே மின்சாரம் விட்டுப்போய் சென்சார் புதிதாகத் தொடங்குகிறது என்று பொருள். பிரெட்போர்டில் ஆடும் ஒயரை அழுத்திச் செருகுங்கள். மின்சாரக் காலுக்குத் தனி ஒயர் தராமல் இரண்டு ஒயரில் ஓட்டுபவர்கள் அந்த மூன்றாவதையும் இணையுங்கள். வெந்நீரை அளப்பவர்களுக்கு 85 உண்மை அளவாகவும் இருக்கலாம், கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் அளவு தள்ளிப்போகிறதா? நீர் புகாத உறையுள்ள சென்சாரை, நொறுக்கிய ஐஸும் நீரும் கலந்த டம்ளரில் சற்று நேரம் வையுங்கள். அரை டிகிரிக்குள் 0 காட்ட வேண்டும். காட்டாவிட்டால், சந்தையில் புழங்கும் போலிகளில் ஒன்று உங்களிடம் வந்திருக்கக்கூடும். அப்போது மட்டும் மாற்றுங்கள்.