பெர்ரியின் ஜப்பான் பயண ஒளிப்படங்கள்

அமெரிக்கக் கடற்படை அதிகாரி மேத்யூ கால்பிரெய்த் பெர்ரி (1794–1858) 1853, 1854 ஆகிய ஆண்டுகளில் ஜப்பானுக்குத் தூதுப் பயணம் மேற்கொண்டார். அவரது குழுவில் இருந்த இளைய எலிபலெட் பிரவுன் 1854இல் அங்கு எடுத்த ஒளிப்படங்கள், ஜப்பானில் ஜப்பானியரை எடுத்து இன்றுவரை எஞ்சியுள்ள ஒளிப்படங்களுள் மிகப் பழையவையாகக் கருதப்படுகின்றன. அவர் நானூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்ததாகச் சொல்லப்படுகிறது. எஞ்சியவையோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. இவற்றில் வந்திறங்கிய அதிகாரியின் முகம் இல்லை. அவரை எதிர்கொண்ட ஜப்பானியரின் முகங்களே உள்ளன.

பயணத்தின் பின்னணி

பெர்ரியின் வருகைக்கு முன் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஜப்பான் வெளிநாட்டார் வரவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி வந்தது. ஐரோப்பியர்களுள் டச்சு வணிகர்கள் மட்டும் நாகசாகியில் உள்ள தெசிமா என்னும் சிறு தீவில் தங்கி வணிகம் செய்ய அனுமதிக்கப்பட்டனர்.

பசிபிக் கடலில் திமிங்கில வேட்டைக்குச் சென்ற அமெரிக்கக் கப்பல்கள் உடைந்தால் மாலுமிகளுக்குப் பாதுகாப்பு வேண்டும், சீனாவுக்குச் செல்லும் நீராவிக் கப்பல்களுக்கு வழியில் நிலக்கரி வேண்டும், வணிகத்திற்குத் துறைமுகங்கள் திறக்கப்பட வேண்டும் என்பன அமெரிக்காவின் நோக்கங்கள். அக்கால நீராவிக் கப்பல் துறைமுகத்துக்குத் துறைமுகம் நிலக்கரி ஏற்றிக்கொண்டே செல்ல வேண்டியிருந்தது. பெர்ரி வந்த மிசிசிப்பி கப்பலும் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, மொரிசியசு, இலங்கையின் காலி, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்கள் வழியாகவே ஆங்காங்கை அடைந்தது.

1853 சூலை 8 அன்று சசுகுவேகன்னா, மிசிசிப்பி என்னும் இரு நீராவிப் போர்க்கப்பல்களும், பிளைமவுத், சரடோகா என்னும் இரு பாய்மரப் போர்க்கப்பல்களும் எடோ (இன்றைய டோக்கியோ) விரிகுடாவின் வாயிலில் உள்ள உராகாவில் நங்கூரமிட்டன. ஜப்பானியர் இவற்றைக் கருங்கப்பல்கள் என்றனர். நாகசாகிக்குச் செல்லுமாறு அதிகாரிகள் சொன்னதைப் பெர்ரி ஏற்கவில்லை. கீழ்நிலை அதிகாரிகளை நேரில் சந்திக்காமல் தம் அறைக்குள்ளேயே இருந்துகொண்டார். சூலை 14 அன்று குரிஹாமா கடற்கரையில் சுமார் 300 பேருடன் இறங்கி, குடியரசுத் தலைவர் மில்லர்டு பில்மோரின் கடிதத்தை ஒப்படைத்தார். விடை பெற அடுத்த ஆண்டு பெரிய படையுடன் வருவதாகக் கூறிச் சென்றார்.

1854 பிப்ரவரியில் அவ்வாறே கூடுதல் கப்பல்களுடன் திரும்பி வந்து, மார்ச்சு 8 அன்று யோகோகாமாவில் இறங்கினார். மார்ச்சு 31 அன்று கனகாவா உடன்படிக்கை கையொப்பமானது. அதன்படி சிமோடா, ஹகோடாதே ஆகிய இரு துறைமுகங்கள் அமெரிக்கக் கப்பல்களுக்குத் திறக்கப்பட்டன.

ஒளிப்படக் கலைஞர்

பிரவுன் (1816–1886) அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தைச் சேர்ந்தவர். கல்லச்சு ஓவியமும் ஒளிப்படமும் அறிந்தவர். பயணத்தில் ஒரு சிறிய கடற்படைப் பதவியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். செருமனியின் டிரெசுடன் நகரில் பிறந்த வில்லெம் ஐனே என்ற ஓவியரும் உடன் சென்றார். பயணத்தில் இருந்தவர்கள் எழுதும் நாட்குறிப்புகளையும் குறிப்புகளையும் தாமாக வெளியிடக்கூடாது என்பது பெர்ரியின் கட்டளை. ஆகவே உலகம் எதைப் பார்க்க வேண்டும் என்பது பெரும்பாலும் அவர் மேற்பார்வையிலேயே முடிவாயிற்று.

டாகேரோடைப் முறை

பிரவுன் பயன்படுத்திய முறைக்கு டாகேரோடைப் என்று பெயர். இது 1839இல் பிரான்சில் அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, அயோடின் ஆவியில் காட்டுவர். அப்போது அதன் மேல் ஒளியுணரும் படலம் உண்டாகும். தகட்டைப் படப்பெட்டியில் வைத்து ஒளி படச் செய்து, பின் பாதரச ஆவியில் காட்டினால் உருவம் தெரியும். இம்முறையின் மூன்று இயல்புகளை அறிந்தால்தான் இப்படங்களின் வரலாறு விளங்கும்.

முதலாவது, எதிர்ச்சுருள் கிடையாது. ஒரு தகடு ஒரே ஒரு படம். அதிலிருந்து படிகள் எடுக்க இயலாது. தகட்டை யாரிடம் கொடுத்தார்களோ அவரிடம் மட்டுமே அப்படம் இருக்கும்.

இரண்டாவது, உருவம் பதியச் சில நொடிகளேனும் ஆகும். 1850களில் நல்ல வெயிலில் அமர்ந்திருக்கும் ஒருவரைப் படமெடுக்க முடிந்தது. அணிவகுப்பையோ, படகுகள் கரை சேர்வதையோ, அசையும் கூட்டத்தையோ தெளிவாக எடுக்க முடியாது.

மூன்றாவது, உருவம் இடவலம் மாறிப் பதியும். சாமுராய் வீரர் வாளை இடது இடுப்பில் அணிவது வழக்கம். திருத்தப்படாத தகட்டில் அது வலப்புறம் இருப்பதாகத் தோன்றும்.

எஞ்சிய படங்கள்

பிரவுன் தாம் எடுத்த சில தகடுகளைப் படத்துக்கு அமர்ந்தவர்களிடமே அன்பளிப்பாகக் கொடுத்தார். ஜப்பானில் இன்று காணப்படுபவை அவ்வாறு கொடுக்கப்பட்டவையே. உராகா ஆளுநர் அலுவலகத்தைச் சேர்ந்த தனகா மிட்சுயோசி, அதே அலுவலகத்தின் குரோகாவா கஹேய், ஹகோடாதேயில் மட்சுமே ஆட்சிப்பகுதியின் அதிகாரிகளாக இருந்த எண்டோ மடசாயெமோன், இசிசுகா கன்சோ ஆகியோரின் படங்கள் அவற்றுள் அடங்கும். இவற்றுள் சிலவற்றை ஜப்பானிய அரசு முக்கியப் பண்பாட்டுச் சொத்துகளாக அறிவித்துள்ளது. மொழிபெயர்ப்பாளர் நமுரா கொஹாச்சிரோவின் படம் ஹவாயில் உள்ள பிசப் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவர் 1860இல் அமெரிக்கா சென்ற ஜப்பானியத் தூதுக் குழுவிலும் இடம்பெற்றார்.

இவர்களுள் எவரும் உடன்படிக்கையை முடிவு செய்தவர் அல்லர். காவலுக்கு நின்றவர், வந்தவர்களுக்கு வேண்டியதைச் செய்துகொடுத்தவர், மொழிபெயர்த்தவர் என்ற நிலையில் வெளிநாட்டாருடன் நாள்தோறும் பழக நேர்ந்தவர்கள். எடோவிலிருந்து ஆணை பெற்று நடக்க வேண்டிய அவர்களுக்கு ஒவ்வொரு சந்திப்பும் ஒரு சோதனை. கண்டிப்பாக நடந்தால் பீரங்கி முழங்கும் என்ற அச்சம். விட்டுக்கொடுத்தால் மேலிடத்திற்கு விடை சொல்ல வேண்டும். அசையாமல் அமர்ந்திருக்கும் அந்த முகங்களை இந்தச் சூழலோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

கல்லச்சுப் படங்கள்

அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்ட தகடுகள் கல்லச்சுப் படங்களுக்கு மூலமாகப் பயன்பட்டன. பெர்ரி பயணத்தின் அதிகாரப்பூர்வ வரலாறு, பிரான்சிசு ஹாக்சு தொகுத்து 1856இல் மூன்று தொகுதிகளாக வெளியானது. அதில் பல படங்களின் கீழ் பிரவுனின் டாகேரோடைப்பிலிருந்து வரையப்பட்டது என்ற குறிப்பு உண்டு. பெர்ரி கரையிறங்குவது போன்ற பெரிய காட்சிகள் ஓவியர் கையால் அமைந்தவை. அவற்றில் அமெரிக்க வீரர்கள் நேர்த்தியான வரிசையில் நிற்கின்றனர். இக்காட்சிகளைச் சில இடங்களில் பழைய ஒளிப்படம் என்று குறிப்பிடுவது தவறு.

இதே வருகையை ஜப்பானியரும் வரைந்தனர். தெருக்களில் விற்கப்பட்ட மரச்செதுக்கு அச்சுத் தாள்களில் பெர்ரி நீண்ட மூக்கும் பெரிய கண்களும் கொண்ட விந்தை உருவமாகக் காணப்படுகிறார். பாடநூல்களில் பரவலாக உள்ள பெர்ரியின் ஒளிப்படம் பயணத்தின்போது எடுக்கப்பட்டதன்று. அவர் 1855 தொடக்கத்தில் நாடு திரும்பிய பின், மேத்யூ பிராடி எடுத்தது அது.

பின்விளைவு

ஒளிப்படக் கலையை ஜப்பானுக்குக் கொண்டுவந்தவர் பிரவுன் அல்லர். 1848இலேயே நாகசாகி வணிகர் ஒருவர் டாகேரோடைப் கருவியை வரவழைத்திருந்தார். சட்சுமா ஆட்சிப்பகுதியின் தலைவர் சிமாசு நரியாகிராவை இச்சிகி சிரோ 1857 செப்டம்பரில் எடுத்த படமே, ஜப்பானியர் ஒருவர் எடுத்து எஞ்சியுள்ள மிகப் பழைய ஒளிப்படம். அது 1975இல் ஒரு கிடங்கில் கண்டெடுக்கப்பட்டது. பெர்ரியின் வருகைக்குப் பின் சில ஆண்டுகளுக்குள், படப்பெட்டியின் இரு புறமும் ஜப்பானியரே நின்றனர் என்பதற்கு அது சான்று.