டீச்சரம்மாவின் நோட்டு

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே நிலத்தைக் கேட்டு ஆள் வந்துவிட்டது. "மூணு ஏக்கர், ரோட்டை ஒட்டி இருக்கு. காட்டேஜ் கட்ட பார்ட்டி ரெடியா இருக்காங்க. காப்பியில என்ன கெடைச்சிரும் தம்பி உங்களுக்கு?" என்றார். ஒரு தொகையும் சொன்னார். இருபது வருசம் காப்பி பறித்தாலும் அவ்வளவு பணத்தை நான் சேர்த்துப் பார்க்க முடியாது. மகளுக்குக் கல்லூரிச் செலவு வரப்போகிறது. "யோசிச்சுச் சொல்றேன்ணே" என்று அனுப்பி வைத்தேன்.

அன்று ராத்திரி பத்திரத்தைத் தேடி அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பத்திரம் அடியில் கிடந்தது. அதற்கு மேல் முழுக்க நோட்டுகள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு, பழைய டைரி, வருகைப் பதிவேட்டின் மிச்சத் தாள்களைத் தைத்துக் கட்டியது என்று முப்பதுக்கும் மேல் இருந்தன. அம்மா எழுதுவது எங்களுக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு எழுதியிருப்பார் என்று தெரியாது. இந்தக் கட்டுரை அந்த நோட்டுகளைப் பற்றியதுதான்.

அம்மாவுக்கு ஊர் அய்யம்பாளையம். கீழ்ப்பழனி மலையில் விழுகிற மழை மருதாநதியாக இறங்கி அணையில் சேர்கிற இடம். 1974இல் தாண்டிக்குடி பக்கம் ஒரு மலைக் கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தபோது அவருக்கு 22 வயது. பெரும்பாறை வழியாக பஸ்ஸில் ஏறி வந்து, மிச்ச தூரத்தை நடந்திருக்கிறார். ஓடு போட்ட ஒரே அறை. அஞ்சு வகுப்புக்கும் அவர் ஒருவர்தான். ரெண்டு வருசத்தில் எங்க அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த மலைக்காரியாகவே ஆகிவிட்டார். ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் "டீச்சரம்மா"தான்.

அவர் பாடம் நடத்தும் முறை ரொம்ப எளிது. பார்க்கணும், எழுதணும், அப்புறம்தான் பேசணும். காலையில் பிள்ளைகள் வந்ததும் கரும்பலகையின் ஓரத்தில் நேற்று மழை பெய்ததா, எந்தப் பக்கத்திலிருந்து காற்று வந்தது, வழியில் என்ன பூத்திருந்தது என்று எழுதவேண்டும். "ஒண்ணும் பாக்கல டீச்சர்" என்று சொல்கிற பிள்ளையை வெளியே அனுப்பி, ஏதாவது பார்த்துவிட்டு வரச் சொல்வார். பளியர் வீட்டுப் பிள்ளைகள்தான் அதில் எப்போதும் முதலிடம். எந்தக் கொடியில் கிழங்கு இருக்கும், எந்தப் பொந்தில் தேன் இருக்கும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல அம்மா நோட்டில் எழுதிக்கொள்வார். படிப்பு வராது என்று மற்றவர்கள் ஒதுக்கிய பிள்ளைகள் அம்மாவின் வகுப்பில் அம்மாவுக்கே பாடம் சொன்னார்கள்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார். பள்ளிக்குப் பின்னால் கைகழுவுகிற தண்ணீர் தேங்கிச் சேறாகக் கிடந்தது. அந்தத் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி, பிள்ளைகளை வைத்துக் கீரை, அவரை, சேம்பு, தவசி முருங்கை போட்டார். சாம்பாருக்குக் காய் அங்கேயே கிடைத்தது. விதையைக் காகிதத்தில் மடித்து, யார் வீட்டிலிருந்து வந்தது, எந்த மாசம் விதைத்தது என்று எழுதி வைப்பார். வருசக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மடிப்பு விதையோடு வீட்டுக்குப் போகும். அவரைக்கு அப்போது அவர் எழுதி வைத்த பெயர்களில் பாதி இன்றைக்குக் கடையில் கேட்டால் யாருக்கும் தெரியாது.

நோட்டுகளில் அதிகப் பக்கம் பிடித்திருப்பது மலைவாழை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உயிர் கொடுக்கிற விருப்பாச்சிப் பழம் எங்கள் மலையில் விளைவது. காப்பிக்கு நடுவே, மர நிழலில், மானாவாரியாக, ஒருமுறை நட்டால் வருசக்கணக்கில் நின்று காய்க்கும். 2008இல் விருப்பாச்சிக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே முடிக்கொத்து நோய் மலையை மொட்டையடித்துவிட்டது. ஒரு காலத்தில் மலை முழுக்க நின்ற வாழை, பல தோட்டங்களில் பெயருக்குக்கூட இல்லாமல் போனது. எங்கள் அப்பாவும் மனம் விட்டுப்போய், "வாழையே வேணாம்" என்றார்.

அம்மா விடவில்லை. அவர் எழுதியிருப்பதை அப்படியே சுருக்கிச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். நோய் வந்த கன்றின் இலைக்காம்பிலும் நடுநரம்பின் அடியிலும் கரும்பச்சையாகப் புள்ளியும் கோடும் விழும். தந்தி ஆபீஸ் கட்டுக்கடா மாதிரி என்று எழுதியிருக்கிறார். அப்புறம்தான் இலை குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும். உச்சி கொத்தான பிறகு பார்ப்பவன் தாமதமாகப் பார்க்கிறான். இது வைரஸ். மருந்து கிடையாது. கருப்பு அசுவினிதான் ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறது. எறும்பு ஏறுகிற குருத்தில் அசுவினி இருக்கும். அதனால் முதலில் வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்து அசுவினியை ஒழிக்கணும். அதைச் செய்யாமல் மரத்தைச் சாய்த்தால் பூச்சி பக்கத்து மரத்துக்குப் போய்விடும். பிறகு கிழங்கோடு, பக்கக் கன்று ஒன்று மிச்சமில்லாமல் தோண்டி, துண்டு துண்டாக நறுக்கி அங்கேயே காயப்போடணும். நோய் வந்த தோட்டத்துக் கன்றை, நன்றாகத் தெரிந்தாலும், யாருக்கும் கொடுக்கக் கூடாது, வாங்கவும் கூடாது.

இதில் கடைசி வரிதான் கஷ்டம். சொந்தக்காரர் கன்று கேட்டு வந்து நிற்பார். "இல்லை" என்று சொல்லமுடியாது. அம்மா சொன்னார். சித்தப்பா ரெண்டு வருசம் பேசவில்லை. அப்புறம் அவரே வந்து, "அண்ணி, எந்த மரம் நல்ல மரம்னு வந்து காட்டுங்க" என்றார். லீவு நாளில் பழைய மாணவர்களைக் கூட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் இலைக்காம்பைத் திருப்பிப் பார்ப்பார் அம்மா. எங்கள் நிலத்தில் இன்றைக்கு நிற்கிற வாழைக் குத்துகள் அந்த நடையில் தப்பித்தவற்றின் வாரிசுகள்.

இனி என் கதை. அதையும் சொல்லாமல் இருக்க முடியாது. அப்பாவுக்குப் பிறகு நிலம் என் கைக்கு வந்தபோது எனக்கு அவசரம். நிழல் மரங்களில் பாதியை வெட்டினேன். காய்த்துளைப்பானுக்கு எண்டோசல்பான் அடித்தேன். முதல் ரெண்டு வருசம் காய் பிடித்தது உண்மை. அப்புறம் தண்டுத்துளைப்பான் இறங்கியது. நிழல் குறைந்த காப்பியைத்தான் அது தேடி வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அம்மா சண்டை போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அய்யம்பாளையம் கூட்டிப்போனார். மருதாநதி அணைக் கரையில் உட்கார்ந்து, மாமாவின் தென்னந்தோப்பைக் காட்டி, "நீ அடிக்கிறதெல்லாம் மழைக்கு எங்க வருதுன்னு நெனைக்கிற? இங்கதான்டா வருது. உங்க மாமன் குடிக்கிற தண்ணி இது" என்றார். வேறொன்றும் பேசவில்லை. திரும்பி வருகிற வழி முழுக்க எனக்கும் பேச்சு வரவில்லை. மலையில் விவசாயம் பண்ணுகிறவனுக்கு எல்லை வேலி கிடையாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த வருசம் பூ மழைக்குப் பிறகு காப்பி பூத்தபோது, பள்ளிப் பிள்ளைகளை எங்கள் தோட்டத்துக்கே கூட்டிவந்தார். ஒரு செடிக்கு ஒரு பிள்ளை. மலைத்தேனீ, அடுக்குத் தேனீ, கொசுத்தேனீ எத்தனை வருகிறது என்று எண்ணி எழுதவேண்டும். அதே மாதிரி மருந்து அடிக்காத பக்கத்துத் தோட்டத்திலும் எண்ணினார்கள். எங்கள் தோட்டத்துக் கணக்கை ஒரு சின்னப்பெண் சத்தமாக வாசித்தது. நான் களத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானைத் தடை செய்தபோது, எங்கள் வீட்டில் அந்த டப்பா இல்லாமல் போய் சில வருசம் ஆகியிருந்தது.

இப்போது செய்வதெல்லாம் அவர் நோட்டில் இருப்பதுதான். அறுவடை முடிந்ததும் செடியில் ஒரு காய் மிச்சம் இல்லாமல் பறிக்கிறோம். தரையில் உதிர்ந்ததையும் பொறுக்குகிறோம். அடுத்த பட்டத்துக்குக் காய்த்துளைப்பான் தங்க இடம் இல்லாமல் பண்ணுவது அதுதான். தண்டில் பிளந்து தொங்குகிற பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்தால் துளைப்பான் முட்டை வைக்க இடுக்கு கிடைக்காது. பலா, கல்யாண முருங்கை, கமலா ஆரஞ்சு திரும்ப வந்திருக்கின்றன. மரத்தில் மிளகு ஏறியிருக்கிறது. விளைச்சல் ஒன்றும் பெருமையடிக்கிற மாதிரி இல்லை. ஆனால் ஒன்று கைவிட்டால் இன்னொன்று தாங்குகிறது.

2006இல் குறிஞ்சி பூத்தபோது பள்ளிப் பிள்ளைகளைக் கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு அழைத்துப் போனார். ஏரி, படகு எல்லாம் அப்புறம்தான். அந்தக் கோயிலை 1936இல் எழுப்பியவர் லீலாவதி அம்மையார். மேலைநாட்டில் பிறந்து, இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனைக் கைப்பிடித்தவர். இராமநாதன் 1913இல் யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் தொடங்கிய பெண்கள் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். "அவங்களும் டீச்சர்தான். எங்கயோ பொறந்து, நம்ம மலைப் பூவோட பேர் இருக்கிற சாமிக்குக் கோயில் கட்டியிருக்காங்க. இங்கயே பொறந்த நமக்கு இந்தப் பூ தெரியணுமா இல்லையா?" என்று பிள்ளைகளிடம் கேட்டாராம். குறிஞ்சி நிற்கிற புல்வெளியும் சோலையும்தான் மழையைப் பிடித்து வைத்து, கோடையிலும் ஓடைக்குத் தண்ணீர் விடுகிறது, சீகை மரமும் தைல மரமும் நட்டு அந்தப் புல்வெளியை அழித்துவிட்டோம் என்பதுதான் அன்றைய பாடம்.

2010இல் பணி ஓய்வு. 2018இல் மறுபடி குறிஞ்சி பூத்தபோது பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போனார். என் மகளுக்கு அப்போது பத்து வயது. "அடுத்து எப்ப அப்பத்தா?" என்று கேட்டிருக்கிறாள். "2030. நீ வந்து பாத்து எழுதி வை" என்றாராம்.

பேரப்பிள்ளைகளிடம் அவர் ரொம்பச் செல்லம் காட்டியவர் இல்லை. சாயங்காலம் களத்தில் உட்கார்ந்து மிளகு ஆயும்போது பக்கத்தில் உட்காரவைத்து, அன்றைக்குத் தோட்டத்தில் பார்த்ததைச் சொல்லச் சொல்வார். தப்பாகச் சொன்னால் மறுநாள் போய்ப் பார்த்துவரச் சொல்வார். கடைசி ஆறு மாசம் நடக்கமுடியவில்லை. அப்போது பிள்ளைகள் பார்த்து வந்து சொல்ல, அவர் எழுதினார். கையெழுத்து கோணிக்கொண்டே போவது தெரிகிறது. தேதி மட்டும் ஒருநாளும் விடுபடவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். தோட்டம் வைத்திருப்பவர், ஜீப் ஓட்டுபவர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பவர். திருப்பூர்க்காரர் மொட்டை மாடியில் தொட்டியில் அவரை போட்டிருப்பதாகச் சொன்னார். டீச்சரம்மா மடித்துக் கொடுத்த விதையின் வழி வந்தது என்றார். எங்களிடம் அந்த அவரை தொலைந்துபோய் ரொம்ப நாளாயிற்று. அடுத்த தடவை வரும்போது கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நிலம் கேட்டவரை நான் இன்னும் கோபமாக நினைக்கவில்லை. அவர் சொன்ன கணக்கு சரியான கணக்குதான். கல்லூரிச் செலவுக்கு வேறு வழி பார்த்தாகணும், அந்தக் கவலை தீர்ந்துவிடவில்லை. ஆனால் எங்கள் நிலத்தில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்தப் பலா எந்த மாசம் காய்க்கும், எந்த வாழைக் குத்து நோய்க்குத் தப்பியது என்று நாற்பத்தெட்டு வருசம் எழுதி வைத்திருக்கிறது. நிலத்தை விற்றால் அந்த நோட்டெல்லாம் வெறும் பழைய பேப்பர். "குடுக்கலண்ணே" என்று போனில் சொல்லிவிட்டேன்.

கடைசி நோட்டில் பாதிக்கு மேல் வெற்றுத் தாள். போன மார்ச்சில் ஒருநாள் சாயங்காலம் மழை இறங்கியது. காப்பி மொட்டு கட்டி நின்ற நேரம். நான் பார்க்கும்போது மகள் அந்த நோட்டை எடுத்து, அப்பத்தா விட்ட இடத்துக்கு அடுத்த வரியில் தேதி போட்டு எழுதிக்கொண்டிருந்தாள்: "பூ மழை. மாலை நாலு மணி. தெற்கிலிருந்து காற்று."