'வேலை இல்லை' என்பதைச் சொல்லும் முறை

ஒருவருக்கு வேலை தர இயலாது என்பதை அவருக்கு எவ்வாறு தெரிவிப்பது? மாணவ நண்பர்களே, சிறியதாகத் தோன்றும் இவ்வினா, சென்னைத் துறைமுக வாயிலில் நெடுங்காலம் பல குடும்பங்களின் அடுப்பைப் பற்றிய வினாவாக இருந்தது.

அக்காலத்தில் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியோருள் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். கப்பல்களின் வரவுக்கேற்ப ஆள் தேவை ஏறும், இறங்கும். இராயபுரம் முதலிய பகுதிகளிலிருந்து காலையிலேயே வந்து காத்திருப்பவர்களுள் மேஸ்திரி வேண்டியவர்களைப் பொறுக்கிக்கொள்வார். எஞ்சியோருக்கு 'இன்று இல்லை' என்று சொல்வாரும் இலர். மேஸ்திரி முகம் திருப்புவதே விடை. காரணம் வயதா, உடல் வலிவின்மையா, மேஸ்திரியின் மனக்கசப்பா என்பது விளங்காது. வேறிடத்தில் கூலி தேடும் பொழுதும் அதற்குள் கழிந்துவிடும்.

இலண்டன் துறைமுகத்திலும் இதே நிலைதான். ஆளெடுத்தால் நான்கு மணி நேரக் கூலியேனும் தரவேண்டும் என்பது 1889-ஆம் ஆண்டு அங்கு நிகழ்ந்த பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று.

நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்கீழ்ச் சென்னைக்கென வகுக்கப்பட்ட 1956-ஆம் ஆண்டுத் திட்டமும் நிலைமையை மாற்றின. தொழிலாளர் பெயர்கள் பதிவு செய்யப்பட்டன. முறைவைத்து வேலை பகிரப்பட்டது. பதிவு பெற்றவர் வந்தும் வேலை இல்லையெனில் வருகைப்படி வழங்கப்பட்டது. வந்த பின் வேலை தொடங்க இயலாமற் போனால் கிடைத்த தொகைக்கோ 'ஏமாற்றத்திற்கான பணம்' என்றே பெயர்! பதிவு பெறாதவருக்கு இவை கிடைக்கவில்லை. ஆயினும் ஓர் உண்மை நிலைநாட்டப்பட்டது: காத்திருப்பவரின் பொழுதுக்கும் விலை உண்டு; அதை அவர் மட்டுமே சுமத்தல் நீதியன்று.

அலுவலகங்களிலும் ஆலைகளிலும் இவ்வுண்மை இன்னும் முழுமையாக வேரூன்றவில்லை. காலியிடங்களை வேலைவாய்ப்பகத்துக்கு அறிவிக்குமாறு 1959-ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தது. தேர்வு பெறாதவருக்கு மறுமொழி எழுதுமாறு பணிக்கவில்லை. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உள்ள ஆலைகளுக்கு விண்ணப்பிக்கும் இளைஞர், விடை வருமென்று நம்பி, கைக்கெட்டிய வேறு வேலையையும் நழுவ விடலாம்.

அவருக்கு வேண்டியது நீண்ட ஆறுதலுரை அன்று. முடிவு இன்னதென்பது, பெயர் காத்திருப்போர் பட்டியலில் உள்ளதா என்பது, மீண்டும் விண்ணப்பிக்கலாமா என்பது ஆகிய மூன்றையும் காலந்தாழ்த்தாமல் தெரிவித்தால் போதும். நாளை உங்களுள் சிலர் ஆளெடுக்கும் பொறுப்பில் அமர்வீர்கள். அன்று அந்த மூன்று வரிகளை எழுத மறவாதீர்கள்.