முழு ஃபேரிங் மோட்டார் சைக்கிளில் அன்றாடப் பயணம்

முன்விளக்கிலிருந்து எஞ்சினின் அடிப்பகுதி வரை இருபுறமும் பிளாஸ்டிக் உறையால் மூடப்பட்ட இருசக்கர வண்டியே முழு ஃபேரிங் மோட்டார் சைக்கிள். பேச்சுவழக்கில் இதை ஸ்போர்ட்ஸ் பைக் என்பார்கள். தாழ்ந்த கைப்பிடி, பின்னுக்குத் தள்ளிய கால்மிதி, உயரத்தூக்கிய பின் இருக்கை ஆகியவை இதன் அடையாளங்கள். இந்தியாவில் 150 சிசியை ஒட்டிய எஞ்சினுடன், மாதத் தவணையில் வாங்கக்கூடிய விலையில் இவ்வகை வண்டிகள் கிடைக்கின்றன. திருத்தணி போன்ற ஊரில் இருந்துகொண்டு நாள்தோறும் வேலைக்கும் கல்லூரிக்கும் சென்றுவர இவ்வண்டி எந்த அளவுக்கு ஏற்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தோற்றம்

ஃபேரிங் பந்தயக் களத்தில் பிறந்தது. 1950களில் முன்சக்கரத்தையும் சேர்த்து மூடிய பெரிய உறைகள் இருந்தன. பக்கக் காற்றில் அவை வண்டியைச் சாய்த்ததால் 1957ஆம் ஆண்டுப் போட்டிகளுக்குப் பின் தடைசெய்யப்பட்டன. பொதுமக்களுக்கான வண்டியில் முழு ஃபேரிங்கைக் கொண்டுவந்ததில் 1976இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ் முன்னோடி. 1985இல் வந்த சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 பந்தய வண்டியின் சாயலையே சாலைக்குக் கொண்டுவந்தது.

இந்தியாவில் 2003இல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஷ்மாவுக்குப் பாதி உறைதான் இருந்தது. 2008இல் யமஹா நிறுவனம் ஆர்15 வண்டியை ஒரு லட்ச ரூபாய்க்குச் சற்றுக் குறைந்த விலையில் வெளியிட்டபோதுதான் நிலைமை மாறியது. நீரால் குளிரும் எஞ்சின், எரிபொருள் உட்செலுத்தி, ஆறு கியர் என அதுவரை பெரும்பாலும் விலையுயர்ந்த வண்டிகளில் இருந்தவை 150 சிசி வண்டிக்குள் வந்தன. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஆர்15க்கென்றே தனிப் போட்டிகளும் நடந்தன. 2015இல் வந்த சுசுகி ஜிக்சர் எஸ்எஃப், காற்றால் குளிரும் எளிய எஞ்சினின் மேல் முழு உறையைப் போட்டுக்கொண்டு வந்தது. அன்றாடப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

உறை என்ன செய்கிறது?

வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு விசை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். எனவே மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்பவருக்கு ஃபேரிங்கால் சொல்லத்தக்க பயன் இல்லை. 80 கி.மீ.க்கு மேல்தான் அதன் வேலை தெரியும். அதுவும் ஓட்டுபவர் கண்ணாடிக்குப் பின்னால் குனிந்திருந்தால்தான் முழுப்பயன். நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்று மார்பில்தான் அடிக்கும்.

எஞ்சினின் குணமும் இதைப் போன்றதே. 2021இல் வந்த நான்காம் பதிப்பு ஆர்15 வண்டியின் 155 சிசி எஞ்சின், 18.4 குதிரைத்திறனை நிமிடத்திற்கு 10,000 சுற்றில் தருகிறது. அதன் உச்ச இழுவிசை 7,500 சுற்றில் கிடைக்கிறது. ஜிக்சர் எஸ்எஃப் 13.6 குதிரைத்திறனே தருகிறது. ஆனால் அதன் உச்ச இழுவிசை 6,000 சுற்றிலேயே வந்துவிடுகிறது. பேருந்துக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும்போது இந்த வேறுபாட்டை இடது கையும் இடது காலும் உணரும். ஆர்15 ஓட்டுபவர் கிளட்சையும் கியரையும் அடிக்கடி மாற்றியாக வேண்டும். விளம்பரத்தில் குதிரைத்திறனைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். அன்றாடம் ஓட்டுபவர் முதலில் பார்க்க வேண்டியது இழுவிசை எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்பதையே.

திருத்தணிச் சாலைகளில்

திருத்தணி சென்னை - திருப்பதி நெடுஞ்சாலையில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கி.மீ. தொலைவில் உள்ளது. சிறிது தூரம் வடக்கே சென்றால் ஆந்திர எல்லை. நகரி, புத்தூர் அப்பால். இவ்வூர் இளைஞர்கள் பலர் திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கு ஒருவழியே சுமார் 60 கி.மீ. ஆகும்.

இந்தத் தொலைவின் நெடுஞ்சாலைப் பகுதியில் முழு ஃபேரிங் வண்டி நன்றாகவே ஓடும். நிலையான வேகத்தில் எஞ்சின் இதமாகச் சுழலும். உறுதியான சட்டமும் நல்ல பிரேக்கும் துணை நிற்கும். கரும்பு வெட்டும் பருவத்தில் திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குச் செல்லும் டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் இரவில் நிற்பதுண்டு. அப்போது ஏபிஎஸ் உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் உள்ள வேறுபாடு உயிர் வேறுபாடு. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் 2019 ஏப்ரல் 1 முதல் ஏபிஎஸ் கட்டாயம். அதற்கு முன் தயாரான பழைய வண்டியை வாங்குவோர் இதை மறக்கக் கூடாது.

நகருக்குள் கதை வேறு. இவ்வகை வண்டியின் கைப்பிடி உறையில் இடிக்காமலிருக்கக் குறைவாகவே திரும்பும். நெருக்கமான கடைத்தெருவில் சாதாரண வண்டி ஒரே வீச்சில் திரும்பும் இடத்தில் இதை முன்னும் பின்னும் தள்ள வேண்டியிருக்கும். கிருத்திகை நாட்களில் கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்தால் எஞ்சினின் வெப்பம் உறைக்குள் தேங்கித் தொடையைச் சுடும். சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம். மலைப்பாதையில் ஏறும்போது மட்டும் குறைந்த எடையும் நல்ல டயரும் கைகொடுக்கின்றன. இறங்கும்போதோ உடலின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் விழும்.

உடலும் பின் இருக்கையும்

குனிந்த அமர்வில் மேலுடலின் எடை வயிற்று, முதுகுத் தசைகளில் தங்க வேண்டும். பழகாதவர் அதைக் கைகளில் இறக்குகிறார். மணிக்கட்டு மரத்துப்போவதும் கழுத்து வலிப்பதும் இதனால்தான். முழங்கால்களால் பெட்ரோல் டாங்கைப் பற்றிக்கொண்டு, முழங்கையைத் தளர்வாக மடக்கி ஓட்டினால் பெருமளவு குறையும். ஜிக்சர் எஸ்எஃப் வண்டியின் கைப்பிடி ஆர்15ஐவிட உயரமானது என்பதால் தொலைதூரத்திற்கு அது இதமானது.

பின் இருக்கைதான் என் பார்வையில் முதன்மையான கேள்வி. எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு வண்டிதான் இருக்கும். மகன் வேலைக்குப் போவதும் அதில்தான். அம்மாவை அரக்கோணம் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அதில்தான். உள்ளங்கை அகல இருக்கையில் புடவை கட்டிய ஐம்பது வயதுப் பெண் ஒருபக்கமாக அமர்வது ஆபத்து. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 123ஆம் விதி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும், ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத காப்பும் இருக்க வேண்டும் என்கிறது. வண்டி வந்த வாரமே அழகுக்காக அந்தப் புடவைக்காப்பைக் கழற்றி வீட்டுப் பரணில் போடும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது சட்டமீறல் என்பதைவிட, யாருடைய புடவை சிக்கப்போகிறது என்பதே யோசிக்க வேண்டியது.

செலவுக் கணக்கு

கடையில் சொல்லும் விலையோடு கணக்கு முடிவதில்லை. ஒரு லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்குத் தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் வாழ்நாள் வரி 12 விழுக்காடு. மூன்றாம் நபர் காப்பீட்டில் 150 சிசி ஓர் எல்லைக்கோடு. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 150 சிசி வரையுள்ள வண்டிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். அதைத் தாண்டி 350 சிசி வரை 1,366 ரூபாய். 155 சிசி வண்டி அந்த ஐந்து சிசிக்காக ஏறக்குறைய இருமடங்கு கட்டுகிறது. புதிய வண்டிக்கு ஐந்தாண்டுக் காப்பீட்டை மொத்தமாக எடுக்க வேண்டும். ஒரு சலுகையும் உண்டு: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது.

ஓர் எடுத்துக்காட்டு: 1,50,000 ரூபாய்க் கடனை 12 விழுக்காடு வட்டியில் 36 மாதங்களில் அடைத்தால், மாதத் தவணை ஏறத்தாழ 5,000, மொத்த வட்டி 29,000க்கு மேல். ஸ்ரீபெரும்புதூருக்கு நாளொன்றுக்கு 120 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 3,000 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. கிடைத்தால், பெட்ரோல் 100 ரூபாய் என வைத்தாலும் சுமார் 6,700 ரூபாய். இரண்டும் சேர்ந்து 11,700. சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய எண் இது. வேலையிடம் ரயில் பாதையை ஒட்டியிருந்தால், திருத்தணி நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மாதச் சீசன் டிக்கெட்டில் போவது பன்மடங்கு மலிவு.

மாதம் 3,000 கி.மீ. ஓடும் வண்டிக்குப் பராமரிப்பும் அந்த வேகத்தில் வரும். 500 கி.மீ.க்கு ஒருமுறை செயினுக்கு எண்ணெய் என்றால், நான்கைந்து நாளுக்கு ஒருமுறை. பின் டயர் ஓராண்டு தாண்டினால் நல்லது.

பலருக்கும் தெரியாத செலவு ஒன்று உண்டு. வண்டி நின்ற இடத்தில் சாய்ந்தாலே ஃபேரிங் கீறும் அல்லது உடையும். மூன்றாம் நபர் காப்பீடு இதற்கு உதவாது. சொந்தச் சேதக் காப்பீடு இருந்தாலும், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழித்தே பணம் தருவார்கள். வெளிப்புறம் முழுவதும் பிளாஸ்டிக்கான வண்டிக்கு இது பெரிய இழப்பு. கூடுதல் கட்டணம் கட்டித் தேய்மானமில்லாக் காப்பீடு எடுப்பது இவ்வகை வண்டிக்குத் தகும்.

எல்லை தாண்டிய பழைய வண்டி

ஆந்திரப் பதிவெண் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் பைக்குகள் குறைந்த விலையில் திருத்தணிக்கு வருகின்றன. அவற்றை வாங்குவோர், முதலில் பதிவான அலுவலகத்திலிருந்து படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று பெற வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. தமிழ்நாட்டு வரியையும் கட்ட வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டினால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். கடன் நிலுவை உள்ளதா, உறையின் உட்புறத் தாங்கிகள் ஒட்டப்பட்டுள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். புது வண்ணம் விழுந்ததை மறைக்கும். உடைந்த தாங்கி மறைக்காது.

மாணவர்கள் கவனிக்க: கியர் வண்டிக்கு ஓட்டுநர் உரிமம் 18 வயதில்தான். அதற்கு முன் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

வாங்கும் முன் கடைக்காரர் தரும் ஒரு கி.மீ. சோதனை ஓட்டம் எதையும் சொல்லாது. அதே வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டுப் பெற்று, தலைக்கவசத்துடன் கனகம்மாசத்திரம் வரை ஒருமுறை போய்வரலாம். திரும்பும்போது கடைத்தெரு வழியாக வரலாம். பின்னால் அமரப்போகிறவரையும் கூட்டிச்செல்வது நல்லது. வண்டி நின்றிருக்கும்போதே அவர் ஏறி இறங்கிப் பார்க்கட்டும்.