டிரெய்லர் வாங்குறீங்களா? முதல்ல குனிஞ்சு கீழ பாருங்க

இன்னிக்கு எபிசோட் ரேஸ் பத்தி இல்ல. ரேஸ் டிராக் வரைக்கும் காரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது பத்தி.

டிராக்குக்காக மாத்தின காரை ஹைவேல ஓட்டிட்டுப் போக முடியாது. சென்னையிலேர்ந்து கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 500 கிலோமீட்டர். அதனால நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு டிரெய்லரை வாடகைக்கு எடுத்தோம். புது பெயிண்ட், பளபளன்னு இருந்தது. அதைப் பார்த்தே ஓகே சொல்லிட்டோம்.

சேலம் தாண்டி ஒரு இறக்கம். டிரெய்லர் ஆட ஆரம்பிச்சுது. முதல்ல லேசா, அப்புறம் எங்க எஸ்யூவியையே இடமும் வலமுமா இழுத்துது. பக்கத்துல பஸ். நான் பிரேக்கை மிதிக்கல. தைரியம் எல்லாம் இல்ல, கை கால் ஓடல. ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து கால எடுத்துட்டு ஸ்டியரிங்கை நேரா பிடிச்சேன், அவ்வளவுதான். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கிச்சு. செய்ய வேண்டியதும் அதுதான்னு பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஏன் ஆடிச்சு? காரை ரிவர்ஸ்ல ஏத்தியிருந்தோம். இன்ஜின் பின்னாடி போயிடுச்சு. டூல் பாக்ஸ், ஸ்பேர் டயர் எல்லாமும் பின்னாடியே. டிரெய்லர் அச்சுக்குப் பின்னால கனம் கூடினா அது ஆடத்தான் செய்யும். பொதுவான கணக்கு இது: மொத்த எடையில 10லேர்ந்து 15 சதவீதம் முன்னாடி கொக்கி மேல அழுத்தணும். காரும் டிரெய்லரும் சேர்ந்து 1500 கிலோன்னா, 150லேர்ந்து 225 கிலோ. உங்க வண்டியோட கொக்கி அதைத் தாங்குமான்னு மேனுவல்ல பார்த்துக்கோங்க.

அப்போ நல்ல டிரெய்லர்னா எது? காரை முன்ன பின்ன நகர்த்தி எடையைச் சரி பண்ற அளவுக்கு அதுல நீளம் இருக்கணும். அதுக்குன்னு தனி பிரேக் இருக்கணும், எங்களோடதுல இல்ல. இழுக்கிறது இன்ஜின் பாடு. இறக்கத்துல பின்னாடியிருந்து தள்ளுற எடையை யார் நிறுத்துறது? கார் கட்டுற வளையங்கள் தரைத் தகட்டுல இல்லாம சட்டத்துலயே வெல்டு ஆகியிருக்கணும். வெல்டு ஓரத்துல மெல்லிசா விரிசலோ துரு கோடோ தெரிஞ்சா விட்டுடுங்க. பெயிண்ட் அடிச்சா அது சரியாகிடாது. டயர்ல நாலு இலக்க எண் இருக்கும். 2319ன்னா, 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் தேயாமலே டயர் வயசாகிடும். ஆர்சி புக்கும் கேளுங்க. சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம்தான்.

அன்னிக்கு ஓரமா நிறுத்தி, காரை இறக்கித் திருப்பி ஏத்தினோம். டூல் பாக்ஸை எஸ்யூவிக்குள்ள வெச்சோம். மீதி தூரம் முழுக்க அறுபதுலயே போனோம். காலை பிராக்டிஸுக்கு லேட். நாலு பேரும் முழுசா போய்ச் சேர்ந்தோம், அது போதும்.