இன்னிக்கு ரெண்டு மேட்ச்!

திங்கட்கிழமை என்றாலே எனக்கு ஜுரம் வருகிற மாதிரி இருக்கும். அப்போதெல்லாம் எர்னி பேங்க்ஸை நினைத்துக்கொள்வேன்.

அமெரிக்க பேஸ்பாலில் சிகாகோ கப்ஸ் டீமின் ஷார்ட் ஸ்டாப். அதாவது, இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நின்று சீறி வரும் பந்தை மடக்குகிற ஆசாமி. 1953-ல் வந்தார். டீம் தோற்றுக்கொண்டே இருக்க, 1958, 59 இரண்டு வருஷமும் லீகின் சிறந்த ஆட்டக்காரர் இவர்தான்! 'இன்னிக்கு ரெண்டு மேட்ச் ஆடலாமா?' என்பாராம் சிரித்தபடி.

19 சீஸன், 512 ஹோம் ரன்... உலக சீரிஸ் மட்டும் ஒருமுறைகூட ஆடக் கிடைக்கவில்லை. 2015-ல் காலமானார். 2016-ல், 108 வருஷம் கழித்து கப்ஸுக்குக் கோப்பை! அதைப் பார்க்கக் கொடுத்துவைக்காத அப்பா, தாத்தா பெயர்களை மைதானச் சுவரில் சாக்பீஸால் எழுதினார்கள் ரசிகர்கள்.

தோற்கிற டீமில் இருந்துகொண்டு இன்னொரு மேட்ச் கேட்ட மனுஷன் சார் அவர்! நமக்கு என்ன, ஒரு திங்கட்கிழமைதானே?